சுகிர்தாவுக்கு நான் செய்து கொடுத்த கிறீம்

வெள்ளவத்தையில் கடல்பக்கம் குடியிருக்கிறவர்கள் வெயில் இல்லாத நாளிலும் முகத்துக்கு சன்ஸ்கிறீம் பூச வேண்டும். கடைக்கு வருகிற எல்லோருக்கும் நான் சொல்வது இதுதான், யாரும் கேட்பதில்லை. உங்களையே எடுத்துக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர். உங்கள் வலக்கன்னம் இடக்கன்னத்தைவிடக் கறுத்திருக்கிறது. ஜீப்பை நீங்களே ஓட்டுகிறீர்கள், அதுவும் கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டுகிறீர்கள். காலையில் வெளிக்கிடும்போது கொஞ்சம் பூசிக்கொண்டு வந்தால் பிற்காலத்தில் எனக்கு நன்றி சொல்வீர்கள்.

உட்காரச் சொல்கிறீர்கள், உட்காருகிறேன். இடையில் எழும்பி நடந்தால் குறை நினைக்க வேண்டாம். கொஞ்சக் காலமாக எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்வதில்லை. சிங்களத்திலும் என்னால் சொல்ல முடியும், கடையில் பாதி நாள் பேசுவது அதுதான். ஆனால் என் சிங்களம் காய்ச்சலுக்கும் வயிற்றோட்டத்துக்கும் போதுமானது, மனைவியைப் பற்றிச் சொல்லப் போதாது. தமிழ் தெரிந்த ஒருவரை அனுப்பினார்களே, அது நல்லது.

என் பெயர் சவுந்தரநாயகம். காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்குகிற ஒரு ஒழுங்கையில் பார்மசி வைத்திருக்கிறேன். கடைக்கு மேல் மாடியில்தான் வீடு. ரயில் போகும்போது தட்டில் உள்ள குப்பிகள் எல்லாம் கிணுகிணுக்கும். பழகிவிட்டால் காதில் விழாது, ஆனால் இந்தக் கொஞ்ச நாளாக ஒவ்வொரு ரயிலும் விழுகிறது.

நான் பிந்திக் கல்யாணம் செய்தவன். மூன்று தங்கச்சிமார். மூத்த ஆண்பிள்ளை, பெண்பிள்ளைகளைக் கரைசேர்த்துவிட்டுத்தான் தன்னைப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். கடைசித் தங்கச்சி கழுத்தில் தாலி ஏறியபோது எனக்குக் காதோரம் நரைத்துவிட்டது. அதற்குப் பிறகுதான் கொட்டாஞ்சேனையிலிருந்து சுகிர்தாவைப் பேசினார்கள். எனக்கும் அவளுக்கும் பதினாறு வயது வித்தியாசம். பெண்பார்க்கப் போன அன்று அவளுடைய அம்மா, "மாப்பிள்ளை நிதானமான ஆள்" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. வயதுபோன ஆள் என்பதை மரியாதையாகச் சொல்கிற விதம் அது. நான் தவறாக எடுக்கவில்லை.

பிள்ளைகள் கிடைக்கவில்லை. அதற்காக நாங்கள் ஒருவரை ஒருவர் குறை சொன்னதும் இல்லை. நான் சுகிர்தாவை நேசித்தேன். இதை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள், ஏனென்றால் மற்ற எல்லாவற்றுக்கும் காரணம் இதுதான்.

கிறீம் கதை பிறிஜெற்றால் தொடங்கியது. பிறிஜெற் கொட்டாஞ்சேனையில் பார்லர் நடத்துகிறவள், சுகிர்தாவோடு ஒரே வகுப்பில் படித்தவள். அவள் ஒருநாள் வெளிநாட்டுப் பெப்டைட் கிறீம் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினாள். இளநீல நிறம். பெருவிரல் அளவுக் குப்பி, விலையோ சொல்லக் கூசும். சுகிர்தா அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாள்.

"இஞ்சேருங்கோ, உங்களுக்கு இது செய்யத் தெரியாதே?"

தெரியும் என்றேன். ஒரு மனைவி கேட்டு, தெரியாது என்று எந்தப் பார்மசிக்காரன் சொல்வான்?

உங்களுக்கும் இது விளங்கினால் நல்லது. தோலுக்குள் கொலாஜன் என்றொரு புரதம் இருக்கிறது. தோலைத் தொய்யவிடாமல் பிடித்து வைத்திருப்பது அது. வயது போகப் போக உடையும். உடையும்போது சிறு துண்டுகள் கழன்று வரும். அந்தத் துண்டுகளைக் கண்டதும் தோல், ஏதோ பழுதாகிவிட்டது என்று எண்ணிப் புதிதாகக் கட்டத் தொடங்கும். பெப்டைட் என்பது அதே மாதிரியான துண்டு, ஆய்வுகூடத்தில் செய்தது. நிறையப் பழுது என்று தோலுக்கு ஒரு பொய்ச் செய்தி சொல்லி வேலை வாங்குகிறோம். செம்பு சேர்ந்த பெப்டைட் என்றால் நீலமாக இருக்கும். மாயம் ஒன்றும் நடக்காது. தோலில் ஈரம் நிற்கும், மெல்லிய கோடுகள் மங்கும், கன்னம் கொஞ்சம் உறுதியாகும். அதற்கும் மூன்று மாதமாவது விடாமல் பூச வேண்டும், பகலில் வெயிலுக்கு மறைப்பும் வேண்டும். பொறுமை உள்ளவர்களுக்கான சாமான் அது. சுகிர்தாவுக்குப் பொறுமை இருந்தது.

முதல் வருஷம் நான் அவளுக்குச் செய்து கொடுத்தது கலப்படமில்லாத பெப்டைட் கிறீம். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். மூலப்பொருளை ஒழுங்கான இடத்திலிருந்து எடுப்பித்தேன். கையுறை போட்டு, கொதிநீரில் குப்பி கழுவி, குளிர்சாதனப் பெட்டியில் வைத்துக் கொடுத்தேன். அது வேலை செய்தது. நன்றாகவே வேலை செய்தது. அவளுடைய கண்ணோரத்துக் கோடுகள் மங்கின. கடைக்கு வருகிறவர்கள் படியில் அவளைக் கண்டுவிட்டு, என்ன பூசுகிறா என்று என்னிடம் விசாரித்தார்கள். எனக்குப் பெருமைதான். இல்லை என்று சொல்ல மாட்டேன்.

பிறகு பம்பலப்பிட்டியில் ஒரு கல்யாணம் வந்தது. என்னுடைய ஒன்றுவிட்ட தம்பியின் மகள். எங்கள் கல்யாணங்களில் சோடி சோடியாக மணவறையில் ஏறிப் படம் எடுத்துவிட்டுத்தான் சாப்பாட்டுக்கு இறங்க வேண்டும், உங்களுக்குத் தெரிந்திருக்கும். நாங்களும் வரிசையில் நின்று ஏறினோம். படம் எடுத்தவன் கமராவுக்குப் பின்னால் இருந்து கை காட்டினான்.

"அப்பா, நீங்கள் கொஞ்சம் கரைக்கு வாங்கோ. மகள் பொம்பிளைக்குப் பக்கத்தில நிக்கட்டும்."

சுகிர்தா சிரித்தாள். மணப்பெண் மாலையால் வாயை மறைத்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்போடுதான் படம் விழுந்தது. நானும் பல்லைக் காட்டிக்கொண்டு ஓரத்தில் நின்றேன். ஆட்டோவில் வரும்போது சுகிர்தா பிறிஜெற்றுக்குப் போன் எடுத்துச் சொன்னாள்: "இவரை அப்பாவெண்டிட்டானடி! கேட்டியே?" அழைப்பை முடித்துவிட்டு என் கையைப் பிடித்து, "எல்லாம் உங்கட கிறீமின்ர வேலை" என்றாள்.

அவள் கோபப்பட்டிருக்கலாம். இவர் என்ர மனுசன் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நீங்களும் நானும் இன்றைக்கு இங்கே இருந்திருக்க மாட்டோம். எனக்கு வலித்தது. நெஞ்சுக்குள் ஏதோ அறுந்துபோன மாதிரி வலித்தது, அதை நான் யாருக்கும் சொல்லவில்லை.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கடையில் ஆள் நிற்கும்போதே எழும்பி மாடிக்குப் போய் அவள் இருக்கிறாளா என்று பார்ப்பேன். இருப்பாள். மரக்கறி நறுக்கிக்கொண்டோ, துணி மடித்துக்கொண்டோ இருப்பாள். என்ன வேணும் என்று கேட்பாள். ஒன்றுமில்லை என்று இறங்கிவிடுவேன். இறங்கியதும் மறுபடி ஏற வேண்டும்போல் இருக்கும். இன்னொரு ஆண் என்று நினைக்க வேண்டாம், அவள் அப்படிப்பட்டவள் அல்ல, நான் ஒருநாளும் அப்படிச் சந்தேகப்பட்டதில்லை. பின்னேரங்களில் கடற்கரை வீதியில் இருவரும் நடக்கப் போவோம். அவளுக்கு நடை வேகம் பிடித்துவிட்டது, எனக்கோ முழங்கால் நோவு. கொஞ்சத் தூரம் போய்விட்டு நின்று, எனக்காகத் திரும்பிப் பார்ப்பாள். முகத்தில் ஒரு சலிப்பும் இருக்காது. இன்னும் இருபது வருஷத்துக்கு இப்படி நின்று நின்று பார்ப்பாளே, அதற்குப் பிறகு நான் இல்லாமலும் இதே வீதியில் இதே நடை நடப்பாளே என்று எனக்குத் தோன்றும்.

நானும் அந்தக் கிறீமைப் பூசிப் பார்த்தேன். சிரிக்கலாம், பரவாயில்லை. என் தோல் கேட்கவில்லை. ஆகவே ஒரே வழிதான் மிச்சம் இருந்தது.

பெப்டைட் தோலைக் கட்டச் சொல்லும். ஸ்டீரொயிட் கட்டாதே என்று சொல்லும். இது மருந்து படித்த எவருக்கும் தெரிந்த விஷயம். எக்சிமாவுக்கு டொக்டர்மார் எழுதுகிற கிறீம்தான், ஒரு கிழமை, இரண்டு கிழமை பூசினால் நல்ல மருந்து. மாதக்கணக்கில் பூசினால் தோல் வெங்காயச் சருகு மாதிரி மெலியும். நான் அதில் வலுவான ஒன்றைத் தெரிந்தெடுத்தேன். வழக்கமான அடிக் கிறீமில் கலந்தேன். நிறம் வர வேண்டுமே, அதற்குப் புறக்கோட்டையில் கேக் சாமான் விற்கிற கடையில் நீலச் சாயம் வாங்கினேன். குப்பி பழைய குப்பிதான், வாசனையும் அதே வாசனைதான்.

முதலில் முகம் பளபளத்தது. அப்படித்தான் நடக்கும், அதையும் நான் எதிர்பார்த்தேன். "இந்த முறை இன்னும் திறமாய் வந்திருக்கு" என்று சுகிர்தா சொன்னாள். பிறகு மெதுவாக மாறத் தொடங்கியது. கன்னத்தில் நூல் நூலாகச் சிவப்பு நரம்புகள் தெரிந்தன. கண்ணுக்குக் கீழே தோல் சுருங்கியது. வளையல் இடித்த இடம் எல்லாம் கன்றியது. முகம் ஊதி வட்டமானது. ஒரு மழைக்காலம் முடிவதற்குள் அவள் என் வயதுக்கு வந்துவிட்டாள்.

அவள் கண்ணாடிக்கு முன்னால் நின்று அழுததைப் பார்த்திருக்கிறேன். அப்போது எனக்குக் கவலையாகத்தான் இருந்தது. நான் கல் அல்ல. பின்னால் போய் நின்று தோளைப் பிடித்துக்கொண்டு, வயது போனால் எல்லோருக்கும் வருவதுதான், எனக்கு நீ எப்படி இருந்தாலும் ஒன்றுதான் என்று சொன்னேன். அது உண்மை. அதில் ஒரு பொய்யும் இல்லை.

அவள் கல்யாண வீடுகளுக்குப் போவதை விட்டாள். நடக்கப் போவதையும் விட்டாள். பின்னேரங்களில் கடையை அடைத்துவிட்டு மாடிக்கு ஏறினால், தேத்தண்ணி போட்டு வைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து இருப்பாள். இருவரும் டிவி பார்ப்போம். எங்கள் கல்யாண வாழ்க்கையில் நான் சந்தோஷமாக இருந்த காலம் எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன். எனக்கு இருப்புக் கொண்டது அப்போது மட்டும்தான். மாடிக்கு ஏறி ஏறிப் பார்க்கிற பழக்கம்கூட நின்றுவிட்டது.

ஒரு விஷயத்தை நான் எதிர்பார்க்கவில்லை. முகம் மோசமாகப் போகப் போக அவள் கூடுதலாகப் பூசினாள். கழுத்துக்குப் பூசினாள், கைகளுக்குப் பூசினாள், காலுக்கும் பூசினாள். டொக்டரிடம் காட்டுவோமா என்று ஒரு சொல் கேட்கவில்லை. யாராவது கேட்டால், "வீட்டிலயே மருந்து படிச்ச ஆள் இருக்கேக்க எனக்கு என்னத்துக்கு டொக்டர்?" என்பாள். குப்பி கெதியாக முடிந்தது. நான் பெரிய குப்பிக்கு மாற்றினேன்.

இங்கே கொஞ்சம் எழும்புகிறேன். யன்னல் வரைக்கும்தான்.

உடம்பு தனக்கு வேண்டிய ஸ்டீரொயிட்டைத் தானே செய்துகொள்ளும். சிறுநீரகத்துக்கு மேல் தொப்பி மாதிரி ஒரு சுரப்பி, அதன் வேலை அது. தோல் வழியாக வெளியிலிருந்து நிறையப் போனால் அந்தச் சுரப்பி தன் வேலையை விட்டுவிடும். அந்த நிலையில் பூசுவதைத் திடீரென்று நிறுத்தக்கூடாது, நிறுத்தினால் பிரஷர் விழுந்து உயிரே போகலாம். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். இது எனக்குத் தெரியும். எந்த நாளும் வாடிக்கையாளருக்குச் சொல்கிற விஷயம்.

பிறிஜெற் வெகு நாளைக்குப் பிறகு வந்தாள். கதவைத் திறந்த சுகிர்தாவைக் கண்டதும் அவளுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. யன்னலடிக்குக் கூட்டிக்கொண்டு போய்த் தாடையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்.

"சுகி, இது வயசு இல்லையடி. இப்பிடி முகம் நான் பார்லரில கண்டிருக்கிறன். முகம் வெள்ளையாக்கவெண்டு கண்ட கண்ட கிறீம் பூசிப்போட்டு வருவினம். இதுக்குள்ள ஸ்டீரொயிட் ஏதோ கிடக்கு."

"விசர்க் கதை கதையாத, பிறிஜெற். இவர் தன்ர கையால செய்து தாறது."

"சாமான் விக்கிறவன் அண்ணையை ஏமாத்தியிருப்பான். அண்ணை, நீங்கள் சொல்லுங்கோ. ஒரு மாசம் இதைத் தொடாமல் இருக்கட்டும். குப்பியை நான் கொண்டுபோறன்."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்றேன். திடீரென்று நிறுத்த வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். ஓம், நிப்பாட்டிப் பாப்பம், நல்லதுதான் என்றேன். பிறிஜெற் குப்பியைத் தன் பைக்குள் வைத்துக்கொண்டு போனாள்.

அடுத்த சில நாட்களில் சுகிர்தாவுக்குச் சத்தி வந்தது, சாப்பிட்டது எதுவும் வயிற்றில் நிற்கவில்லை. எழும்பி நிற்கத் தலை சுற்றியது. அவள் படுத்திருந்த அறைக்கும் கடைக்கும் நான் எத்தனை தரம் ஏறி இறங்கினேன் என்று தெரியாது. புதிதாகக் குப்பி ஒன்று செய்து கொடுத்து, பிறகு படிப்படியாகக் குறைக்கலாம் என்று யோசித்தேன். செய்தும் வைத்தேன். அவள் வேண்டாம் என்றுவிட்டாள். "பிறிஜெற்றுக்குச் சொல்லு குடுத்திட்டன், ஒரு மாசம் பாப்பம்" என்றாள். அதற்குள் காய்ச்சலும் பிடித்தது. அந்த மாதம் எங்கள் ஒழுங்கையில் வீட்டுக்கு ஒருவருக்கு டெங்கு.

ஆஸ்பத்திரியில் பார்த்தவ டொக்டர் நிஹ்லா, இளம் பிள்ளை, கெட்டிக்காரி. சேலைன் ஏற ஏறப் பிரஷர் இறங்கிக்கொண்டு போவது அவவுக்குப் பிடிபடவில்லை. டெங்குவுக்கு இது கணக்குச் சரியில்லை என்று தனக்குள் சொல்லிக்கொண்டா. சுகிர்தாவின் முகத்தையும் கைகளையும் உற்றுப் பார்த்துவிட்டு, ஏதாவது மருந்து எடுக்கிறீர்களா, கிறீம் பூசுகிறீர்களா என்று கேட்டா.

"பெப்டைட் கிறீம் மட்டும்தான் டொக்டர். இவர்தான் செய்து தாறவர்" என்றாள் சுகிர்தா. குரல் அடங்கிவிட்டது, ஆனால் சொல்லும்போது என்னைப் பார்த்துச் சிரித்தாள். "இவர் இல்லாட்டி நான் எப்பவோ கிழவியாகியிருப்பன்."

டொக்டர் என்னைக் கதவுக்கு வெளியே கூப்பிட்டா.

"அங்கிள், நீங்க பார்மசிஸ்ட்தானே, அதால கேக்கிறன். அந்தக் கிறீமில ஸ்டீரொயிட் ஏதும் இருக்கா? தெரியாமக் கலந்திருந்தாலும் சொல்லுங்க. இருந்தா உடனே ஒரு ஸ்டீரொயிட் ஊசி குடுக்கணும், குடுத்தா எழும்பிருவாங்க. இல்லாம டெங்கு நோயாளிக்கு நான் அதைக் குடுக்கப் பயப்படுறன்."

அந்த ஊசி மருந்து என் கடையிலேயே இருந்தது. அதன் பெயரை அந்தப் பிள்ளை சொல்லி நான் அறிய வேண்டியதில்லை.

ஏன் சொல்லவில்லை என்று நீங்கள் காலையிலிருந்து விதம் விதமாகக் கேட்கிறீர்கள். மறியலில் அடைப்பார்கள் என்று பயந்தா என்று கேட்டீர்கள். அது என் நினைவிலேயே இல்லை. கதவுக் கண்ணாடி வழியாகச் சுகிர்தா எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஓம் என்று சொன்னால் அவள் பிழைப்பாள், ஆனால் கட்டிலில் எழும்பி உட்கார்ந்ததும் காரணம் கேட்பாள், யாராவது சொல்லுவார்கள். பிறகு அவள் என்னை எப்படிப் பார்ப்பாள் என்று யோசித்தேன். அந்த முகத்தை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

"இல்லை டொக்டர். சுத்தமான பெப்டைட். என்ர கையால செய்தது" என்றேன்.

அவ இன்னொரு தரமும் கேட்டா. இன்னொரு தரமும் அதையே சொன்னேன். உள்ளே போய்ச் சுகிர்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். மத்தியானச் சாப்பாட்டு வண்டி வாசலால் போகிற நேரம் அவள் போய்விட்டாள். டெங்கு என்றுதான் எழுதினார்கள். பிறிஜெற் மட்டும் குப்பியைக் கொடுத்துப் பரிசோதிப்பித்திருக்கிறாள், அதனால்தான் நீங்கள் வந்தீர்கள். அவள்மீது எனக்குக் கோபம் இல்லை.

ஆகவே, நீங்கள் கேட்பதற்கு விடை ஓம். கலந்தது நான். டொக்டர் கேட்டபோது மறைத்ததும் நான். சொல்லியிருந்தால் பிழைத்திருப்பாள் என்பது அந்த வாசலிலேயே எனக்குத் தெரியும். எங்கே கையெழுத்து வைக்க வேண்டுமோ காட்டுங்கள்.

ஆனால் சுகிர்தாவைக் கொன்றேன் என்று மட்டும் எழுதுகிறீர்களே, அது முழுக் கதை அல்ல. கடைசி வரைக்கும் அவள் என்னைப் பற்றிக் கெட்டதாக ஒன்றும் நினைக்காமல்தான் போனாள். புருஷன் என்ற முறையில் அவளுக்கு நான் ஒரு குறையும் வைக்கவில்லை.